நாற்பத்தொன்றாம் பக்கம்

அட்டைகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்.
கோதுமை வயல், வெள்ளைத் தொப்பி,
நம்மைப் பார்க்காமல் நிற்கும் ஒரு பெண்.
படித்ததையே மறுபடி எடுத்துவராதிருக்க
அம்மா கண்டுபிடித்த வழி:
நாற்பத்தொன்றாம் பக்கத்து எண்ணுக்குக் கீழே
பென்சிலில், எறும்பளவு, ஒரு ‘சு’.
சுகிர்தம்.
ஏன் நாற்பத்தொன்று என்று நான் கேட்டதில்லை.
தோ பாயோ நூலகத்தில் எட்டு வயதில் என் வேலை
தரையில் உட்கார்ந்து பக்கம் புரட்டி
“இருக்கு”, “இல்லை” சொல்வது.

சினிமா கூடாத வீடு. டிவியும் கூடாது.
ஆமிஷ் காதல் மட்டும் எப்படியோ கூடும்:
ஜெபிக்கிறார்கள், ரொட்டி சுடுகிறார்கள்,
கை பிடிக்கவே இருநூறு பக்கம் ஆகிறது.
அப்பா ஒருநாள் ஒன்றைப் புரட்டிப் பார்த்து
“நம்ம மாதிரித்தான்” என்று வைத்துவிட்டார்.
அவர்களுக்குப் பொத்தான் ஆகாது.
எங்களுக்குப் பொன்.

கதிரேசன் கட்டியது இரண்டு பவுன்.
சிராங்கூன் ரோட்டில் வாங்கி
முருகன் சந்நிதியில் கட்டியது.
அடுத்த ஞாயிறு, அப்பமும் ரசமும் பரிமாறுமுன்,
சபையில் என் பெயரை வாசித்தார்கள்.
வாசித்தவர் அப்பா.
குரல் நடுங்கவில்லை என்று எட்வின் சொன்னான்.
கண்ணாடியை மட்டும் இரண்டு தடவை துடைத்தாராம்.

அந்தக் கதைகளில்
விலக்கப்பட்டவளுக்குத் தனி மேசை உண்டு.
ஒரே அறை, ஒரு சாண் இடைவெளி,
அதே பானையிலிருந்து அதே சூப்.
படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது.
ஒரு சாண்!
நான் பொங்கோலில் ஏறி,
சிராங்கூனில் மாறி, பீஷானில் மாறி வருகிறேன்,
அவள் தொட்ட புத்தகத்தைத் தொட.
அம்மா போவது செவ்வாய். நான் சனி.

மார்ச்சில் இரண்டு ‘சு’. ஏப்ரலில் மூன்று.
மே முதல் ஒன்றும் இல்லை.
புது வரவு எதைத் திறந்தாலும்
வெறும் நாற்பத்தொன்று.
ஆகஸ்டில் எட்வினுக்குப் போன் செய்தேன்.
“கண்புரை. ரெண்டு கண்ணும்.
உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு...”
முடிக்காமல், சாப்பிட்டாயா என்று கேட்டான்.

பெரிய எழுத்துப் புத்தகங்கள்
தூணுக்குப் பின்னால் இருக்கின்றன.
அந்தப் பக்கம் நான் போனதேயில்லை.
மூன்றாவதில் கிடைத்தது:
எறும்பு இல்லை இப்போது,
கரப்பான் அளவு ‘சு’, கால் கோணி.
பக்கத்தில் ஓர் ‘எ’ போட்டேன்.
எப்சிபா. ‘அவள்மேல் பிரியம்’ என்று அர்த்தம்;
அப்பா வேதத்தில் தேடி வைத்த பெயர்.
நூலகப் புத்தகத்தில் கிறுக்குவது தப்பு. தெரியும்.

கதையாக இருந்தால் இதற்குள்
களஞ்சியம் எரிந்து, ஊர் கூடிக் கட்டி முடித்து,
அப்பா வாசல்வரை வந்து
விளக்கைத் தூக்கிப் பிடித்திருப்பார்.
எங்கள் அப்பா வரவில்லை.
இங்கே களஞ்சியம் ஏது?
கிராஞ்சியில் ஓடிய குதிரைகளும் போய்விட்டன.

“இதுல அப்படி என்னதான் இருக்கு?”
துணி மடித்துக்கொண்டிருந்த கதிரேசன்
ஒன்றை எடுத்துப் படுத்தான்.
ஒன்பதாம் பக்கத்தில் உறங்கிப்போனான்,
முகத்தின்மேல் புத்தகம்.
எடுத்தபோது திருநீறு
தாளில் ஒட்டியிருந்தது.
ஊதினேன். துடைத்தேன்.
முழுக்கப் போகவில்லை.
அப்படியே திருப்பிக் கொடுத்தேன்.

போன சனி, புது வரவு.
‘சு’.
அதன் கீழே, நான் எழுதாத ஓர் ‘எ’.
அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

இல்லை அம்மா, இன்னும் படிக்கவில்லை.
அலமாரியில் சாய்ந்து நின்றபடியே
அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினேன்.
முதல் நாற்பது பக்கத்துக் கதையை
நீ சொல்.